எங்கிருந்து வந்தான்னே தெரியலீங்க

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு, பெருந்துறை, கோவை வட்டாரத்தில் லாரியும் டேங்கரும் ரிக் வண்டியும் பஸ்ஸும் ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

தலைப்பில் இருப்பது உங்கள் வாயிலிருந்து வந்த பேச்சுதான். கோவை எல் அண்ட் டி பைபாஸில் ஒரு டூவீலர் கவிழ்ந்து கிடக்கும், கூட்டம் கூடியிருக்கும். கேபினிலிருந்து இறங்கும் டிரைவர் முகம் வெளுத்துப்போய்ச் சொல்லும் முதல் பேச்சு இது. கூட்டம் அதை நம்பாது. போலீஸ்காரர் நம்பவே மாட்டார். தூங்கிட்டு ஓட்டியிருப்பான், போனைப் பார்த்திருப்பான், குடிச்சிருப்பான் என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். பல நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். உங்களுக்குப் பரிந்துபேச வந்தவள் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். ஆனால் சில டிரைவர்கள் சொல்வது சத்தியம். அவர்கள் கண்ணுக்கு அந்த இடத்தில் ரோடு காலியாகத்தான் இருந்தது. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் எழுத வந்தேன்.

நான் சங்ககிரியில் லாரிக்காரர் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் பெரியப்பாவும் ஸ்டியரிங் பிடித்த கைகள். நான் கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஃபீல்டு டெஸ்ட், அதாவது கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் சோதனை, எடுக்கிறேன். இருட்டறையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கருவி, அதில் தாடையை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மறைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். உங்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேர் மிகவும் பிந்தி வந்தவர்கள்.

வண்டியை ஓரம்கட்டியிருந்தால் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நேராக நீட்டி, கட்டைவிரல்கள் இரண்டையும் ஒட்டினாற்போல் நிமிர்த்திப் பிடியுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரல் நகத்தையே பாருங்கள். பார்வை அதை விட்டு அசையக் கூடாது. இனி வலது கையை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் போவதற்குள்ளேயே வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். மேலும் நகர்த்தினால் திரும்பி வரும். காணாமல் போகவில்லை என்றால் விரலைச் சித்தே கீழிறக்கிப் பாருங்கள், கட்டாயம் போகும்.

விரல் போன இடத்தில் என்ன தெரிந்தது, அதைச் சொல்லுங்கள். கறுப்பாக ஓட்டையா? இருக்காது. பின்னால் நீலச் சுவர் இருந்திருந்தால் நீலம். தார்ப்பாய் இருந்திருந்தால் தார்ப்பாய். உங்கள் விரலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பெயின்ட் அடித்து, அடித்த சுவடே தெரியாமல் யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் ஒரே இடத்தில் சேர்ந்து, வயர் கட்டு மாதிரி, மூளைக்குக் கிளம்புகின்றன. டேஷ்போர்டில் வயர் வெளியே வர ஓட்டை போட்ட இடத்தில் மீட்டர் பொருத்த முடியாதல்லவா, அதுபோல அந்த இடத்தில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் கிடையாது. கணவாய் மீனுக்கு இந்தக் குறை இல்லை. அதன் கண்ணில் வயரெல்லாம் பின்பக்கமாகவே போகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உள்ளே ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள இடம்தான், வெளியே அது மறைப்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 50 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 5 மீட்டர் அகலம். ஒரு கண்ணை மூடிக்கொண்டால், முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் முழுசாக அதற்குள் அடங்கும். இவ்வளவு பெரிய குழியை மனிதர்கள் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வியப்பு. 1660-களில் எட்மே மரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரசவை ஆட்களின் தலையைக் ‘கழற்றி’ விளையாடினார் என்று கதை சொல்வார்கள்.

நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு இருட்டாகிறதா? அதையும் ஒருவர் ஒட்டுப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் யார் என்று உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னால் போய் நின்று “வரலாம், வரலாம்” என்று சொல்லும் கிளீனர் ஒரு ரகம். கேபினை விட்டு இறங்காமல், முன்னால் தெரிவதை வைத்தே “ரைட்டு, போலாம்ணா” என்று குரல் கொடுப்பவன் இன்னொரு ரகம். உங்கள் மூளை இரண்டாம் ரகம். சுற்றிலும் ரோடு இருக்கிறது, அப்படியானால் நடுவிலும் ரோடுதான் இருக்கும் என்று அனுமானித்து, தட்டுத்தடங்கல் இல்லாத குரலில் ரைட் கொடுத்துவிடும். பெரும்பாலும் அது சொல்வது சரியாகவே போய்விடுவதால் நீங்களும் அதை நம்பிப் பழகிவிட்டீர்கள்.

இந்தக் கிளீனரின் வேலையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தமிழர். வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானவர். ஒரு மஞ்சள் வளையத்தை, அதன் நடு ஓட்டை மட்டும் இந்தக் குழிக்குள் விழும்படி வைத்துப் பார்க்கச் சொல்வார். வளையம் தெரியாது, முழு மஞ்சள் வட்டுத்தான் தெரியும். ஓட்டையையே மூளை அடைத்துவிடும். 1998-இல் வெளியான தன் புத்தகத்தில் அவர் இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்கிறார். தொழிற்சாலை விபத்தில் இரும்புக் கம்பி பின்மண்டையில் பாய்ந்து, பார்வையில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை இழந்தவர். மேலே 1, 2, 3, கீழே 7, 8, 9 என்று நெட்டுக்கு எழுதி, நடுவில் வெறுமையாக விட்டு, அந்த வெறுமை சரியாக இழந்த துண்டுக்குள் விழும்படி காட்டினார்கள். நடுவிலும் எண்கள் தெரிகின்றன என்றார் அந்த ஆள். என்ன எண்கள் என்று கேட்டபோது படிக்க முடியவில்லை என்றார். நடு ரோட்டில் நிற்கும் ஒரு வண்டியை மூளை அழித்துவிட்டால், அதன் இடத்தில் இப்படித்தான் ஏதோ ஒன்றைப் பூசி வைக்கும். பூசியது ரோடு மாதிரியே இருக்கும்.

பிறவியிலேயே இருக்கும் குழியால் உங்களுக்கு ஆபத்து இல்லை, பயப்பட வேண்டாம். வலது கண்ணின் குழி வலப்பக்கம், இடது கண்ணின் குழி இடப்பக்கம். ஒன்று விட்டதை மற்றது பார்த்துக்கொள்ளும். அந்தக் குழி வளரத் தொடங்கினால்தான் வம்பு. கண் நீர் அழுத்த நோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கும், கிளாக்கோமா என்பார்கள், நம்மூரில் ‘கண்ணுல பிரஷர்’. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறும்போது, அது நசுக்கும் இடம் எது தெரியுமா? வயர் கட்டு வெளியேறும் அதே இடம். இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். பலருக்குப் பார்வை இழப்பு பிறவிக் குழியிலிருந்தே வில்போல வளைந்து கிளம்பும். பரவலாக வரும் வகையில் வலி கிடையாது. சிவப்பு கிடையாது. நடுப்பார்வை கடைசிவரை பத்திரமாக இருக்கும். பேப்பரில் பொடி எழுத்தையும் படிப்பீர்கள். ஓரங்கள் கரையக் கரைய, நமது கிளீனர் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்துக்கொண்டே வருவார்.

விளம்பரப் பலகைகளில் இந்த நோயைக் காட்ட ஒரு படம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள்: நடுவில் வெளிச்ச வட்டம், சுற்றிலும் கரும் இருட்டு, சுரங்கப்பாதை மாதிரி. அந்தப் படத்தின்மேல் எனக்குக் கோபம். லண்டனில் 50 நோயாளிகளிடம் பலவிதமான படங்களைக் காட்டி, உங்களுக்கு எது போலத் தெரிகிறது என்று கேட்டார்கள். 2013-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒருவர்கூடக் கறுப்புச் சுரங்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிலர் மங்கல் என்றார்கள், சிலர் சில பொருள்கள் காணாமல் போவதாகச் சொன்னார்கள். தனக்குக் குறையே தெரியவில்லை என்றவர்கள் கால்வாசி. சுரங்கம் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காத்திருக்கிறீர்களே, அது வரவே வராது.

என் பெரியப்பாவுக்கு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கிட்டே ஏறுவேன் என்று சொல்லிச் சிரிப்பார். அது பாதி உண்மை என்று பிற்பாடுதான் புரிந்தது. ரோடு மனப்பாடம், கண் பார்க்காததை ஞாபகம் பார்த்துக்கொண்டது. வீட்டில் அடையாளங்கள் இருந்தன. சாப்பிட உட்கார்ந்தால் இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். “ஏம்மா, வழியில வெக்கிறே?” என்று பெரியம்மாவைத்தான் வைவார். வாசல்படியில் கால் இடறும். நாங்களெல்லாம் வயசாச்சு என்றோம், சிலர் வேறு காரணமும் சொன்னார்கள். ஒரு நாள் பொழுதோட, பெருந்துறை தாண்டி, பால்கேன் கட்டிய ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியை இடப்பக்கம் உரசிவிட்டார். ஆள் காலொடிந்து பிழைத்துக்கொண்டார், அது சாமி புண்ணியம். “காலி ரோடு சாமி. காலி ரோட்டைத்தான் பார்த்தேன்” என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பவில்லை.

பிறகு அவரை அழைத்துவந்து என் நாற்காலியிலேயே உட்கார வைத்து டெஸ்ட் எடுத்தேன். டெஸ்ட் முடிவுத் தாளில் இரண்டு கண்ணுக்கும் பொதுவாக, இடது கீழ்ப்பக்கம் ஒரு பெரிய கறுப்புத் துண்டு, பார்வை போன இடம். பால்காரர் அதற்குள்தான் இருந்திருக்கிறார். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பெரியப்பா தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கறுப்பு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்லையே அம்மணி” என்றார்.

அந்த விபத்துக்குச் சில மாதம் முன்புதான் அவர் லைசென்ஸைப் புதுப்பித்திருந்தார். அதற்கு டாக்டர் கையெழுத்திடும் படிவம் 1-ஏ உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிகிறாரா, மாலைக்கண் உண்டா என்று கேட்கிறது. மூன்றிலும் பெரியப்பா முதல் மார்க் வாங்குவார். பக்கப் பார்வையை அளந்தீர்களா என்ற கேள்வி அதில் இல்லை. இருக்கிற கேள்விகளையாவது கேட்டார்களா? பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டவர் தலையை நிமிர்த்தவே இல்லை. காசை வாங்கிக்கொண்டு சீல் குத்தினார். அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் இந்த மடல் அவருக்கு இல்லை. அப்படிக் குத்தித் தரும் இடத்தைத் தேடிப் போவது யார்? நீங்கள்தானே. எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று ஸ்டாண்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் ஐ வந்தாலோ, ராத்திரி ஓட்டிக் கண் எரிந்தாலோ, மெடிக்கலில் ஏதாவது சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்கிறீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்த மருந்துகள் உண்டு. உடனே சுகம் தரும். தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றி, இதே நோயைக் கொண்டுவந்து சேர்க்கும். டாக்டர் எழுதித் தராத மருந்தைக் கண்ணில் விடாதீர்கள். பட்டறையில் பேர் தெரியாத ஆயிலை எஞ்சினில் ஊற்ற விடுவீர்களா?

அடுத்தது, என் நாற்காலியில் நீங்கள் செய்கிற தப்பு. பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, வெளிச்சம் தெரியாதபோதும் படபடவென்று பட்டனை அமுக்குகிறீர்கள். அந்தக் கருவிக்கு நம் பிறவிக் குழி நன்றாகத் தெரியும். இடையிடையே அந்தக் குழிக்குள்ளேயே வேண்டுமென்று வெளிச்சம் போடும். அது யாருக்கும் தெரியக் கூடாது. நீங்கள் அமுக்கினால் கண்ணை அலைபாய விட்டீர்கள், அல்லது சும்மா அமுக்குகிறீர்கள் என்று அது குறித்துவைத்துக்கொள்ளும். தெரியாததைத் தெரியவில்லை என்று விட்டால் போதுமுங்க. அங்கே மார்க் போட யாரும் இல்லை.

‘நமக்கெல்லாம் வராது’ என்று நீங்கள் சொல்வதும் காதில் விழுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் நம் மாநிலத்துத் தென்பகுதிக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றில் 2.6 பேருக்கு இந்த நோய். அதில் பரவலாக வரும், வலியே தராத வகையுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரண்டு கண்ணுமோ ஏற்கெனவே போயிருந்தது. பெரும்பாலோருக்கு அதுவரை யாரும் நோய் இருப்பதாகச் சொன்னதே இல்லை. உங்கள் ஸ்டாண்டில் 40 தாண்டிய நூறு பேர் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால், சர்க்கரை இருந்தால், கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டிருந்தால், உங்கள் பங்கு கூடும்.

வண்டிக்கு எஃப்.சி. காட்ட எத்தனை பாடுபடுகிறீர்கள். பிரேக் பார்த்து, லைட் பார்த்து, பெயின்ட் அடித்து, ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வைக்கிறீர்கள். ஊர்க்கண் படக்கூடாதென்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறீர்கள். கேபினுக்குள் உட்காரும் கண்ணுக்கு அரைநாள் கேட்டால் மட்டும், லோடு நிக்குதுங்க என்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான். 40 வயது தாண்டியவர்கள், அடுத்த லைசென்ஸ் புதுப்பிப்புக்குக் காத்திராமல், ஒரு தடவை கண் டாக்டரிடம் போங்கள். கண்ணாடி பவர் மட்டும் பார்த்து அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். “பிரஷர் பாருங்க, பின்னால நரம்பைப் பாருங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிரஷர் எண் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு, அதனால் இரண்டையும் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர்களே ஃபீல்டு டெஸ்ட் எழுதுவார்கள். கோவையில் அவிநாசி ரோட்டில் அரவிந்த் இருக்கிறது, சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் சங்கரா இருக்கிறது; காசில்லாதவர்களுக்கு இரண்டிலும் இலவசப் பிரிவு உண்டு. கோவையிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு இருக்கிறது. தூரம் என்று உங்களில் யாரும் சொல்ல முடியாது. கவுகாத்திக்கு முட்டை ஏற்றிப் போகிறவர்கள் நீங்கள்.

தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து விடுகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியை விட வேண்டியதில்லை. பிந்திப்போய், இரண்டு கண்ணிலும் பெரிய துண்டு போயிருந்தால், அப்போது இறங்கித்தான் ஆக வேண்டும். அதை நான் பூசி மெழுகிச் சொல்ல மாட்டேன். பெரியப்பா இறங்கினார். அழுதார். பால்காரர் வீட்டுக்கு ஒரு தடவை போய்வந்தார்.

லாரி ஓனர்களிடமும் சங்கத்துக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. உங்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர்கள்தான். சங்கத்தில் கண் சிகிச்சை முகாம் போடுகிறீர்கள், நல்ல காரியம். கண்ணாடி கொடுப்பதோடு நிறுத்தாமல் பிரஷரும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டுக்குப் போகும் நாளுக்கு டிரைவரின் பேட்டாவை வெட்டாதீர்கள்.

ஃபீல்டு டெஸ்ட் ஒரு கண்ணுக்கு ஐந்தாறு நிமிஷம்தான். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு நேராக வராதீர்கள், நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறீர்கள். வரும்போது கூட ஓர் ஆளைக் கூட்டி வாருங்கள். நரம்பு பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அப்புறம் பொழுது சாயும்வரை வண்டி எடுக்கக் கூடாது.